சின்னவளுக்கு அம்மை

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு மனிதர்கள் ஒரு சாண் தூரத்தில்தான் தெரிவார்கள். சின்னவள் பதினான்கு வருடமாக ஊரை அப்படித்தான் பார்த்துவந்தாள். மூக்குத்தண்டு, காதின் பின்மடிப்பு, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. தெருவில் யாராவது எதிரே வந்து சிரித்தால் அவளுக்கு ஆளைத் தெரியாது. கிட்டே வந்து நின்றால், இடது காது கொஞ்சம் மேலே இருப்பவர், போன மாதம் பிரேம் மாற்றினவர் என்று சரியாகச் சொல்லிவிடுவாள்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கண்ணில் பட்டது. அக்காள் மகள், ஆறு வயதுப் பொடிசு, கோணிப்போன தன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்திருந்தாள். சின்னவள் அதை நிமிர்த்தி அவள் காதில் மாட்டிப் பார்க்கும்போது, முடி முளைக்கும் ஓரத்தில் சிவந்த தோலின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்பதுபோல ஒரு கொப்புளம். கடைவிளக்கில் அது மினுக்கியது.

"கொசு கடிச்சிருக்கு சின்னம்மா," என்றாள் பொடிசு.

கொசு கடித்த இடத்தில் தண்ணீர் கட்டாது. சின்னவள் கதவுப் பக்கம் திரும்பி நின்று பிள்ளையின் சட்டையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். முதுகில் சில இடங்களில் வெறும் சிவப்புப் புள்ளி. சில இடங்களில் தடிப்பு. சில இடங்களில் நீர் கோத்த முத்து. ஒன்று மட்டும் கலங்கி வாடத் தொடங்கியிருந்தது. நெற்றி லேசாகக் கொதித்தது. பிள்ளையை அப்படியே தன்னோடு அணைத்துக்கொண்டு அக்காளுக்குப் போன் போட்டாள்.

பெரியவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் குரல் அவளுடையது. கோபம் வந்தாலும் கவலை வந்தாலும் வீட்டிலும் அதே குரல்தான். அன்று கிளினிக்கில் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து, "எனக்கு அம்மை வந்ததில்லை. என் தங்கைக்கு இரண்டரை வயதில் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை," என்று அவள் சொன்னபோது, பக்கத்திலிருந்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்களோ என்று சின்னவளுக்குத் தோன்றியது.

டாக்டரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. புள்ளி, தடிப்பு, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு எல்லாம் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் இருந்தால் அது சின்னம்மைதான் என்றார். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், அதுவும் எடை பார்த்து. ஆஸ்பிரின் பக்கம் போகவே கூடாது. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். அரிப்புக்குக் காலமைன் லோஷன். கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கூடம் கிடையாது. தடுப்பூசி போட்டதா என்று கேட்டார். போடவேண்டிய நாளில் பிள்ளைக்குச் சளி. அப்புறம் மறந்தே போனது என்று பெரியவள் ஒப்புக்கொண்டாள். அந்த இடத்தில் மட்டும் அவள் குரல் அறிவிப்பாளர் குரலாக இல்லை.

அம்மை வராத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இப்போதே ஊசி போட்டுக்கொள்ளலாம், ஒட்டின மூன்று நாளுக்குள் போட்டால் அநேகமாகத் தடுத்துவிடும் என்றார் டாக்டரம்மா. பெரியவள் அங்கேயே கையை நீட்டினாள். ஆனாலும் ஊசி வேலை செய்ய நாளாகும். பெரியவர்களுக்கு வந்தால் பிள்ளைகளுக்கு வருவதைவிடக் கடுமையாக இருக்கும். அதுவரை தள்ளி இருப்பது நல்லது.

"அதுக்கென்ன, நான் பார்த்துக்கறேன்," என்று சொல்லி, சின்னவள் நெற்றி ஓரத்தில் இருந்த குழித்தழும்பைத் தொட்டுக் காட்டினாள். பாஸ்போர்ட்டை நீட்டுவதுபோல அதை நீட்டினாள். டாக்டரம்மாவும் தலையாட்டிவிட்டார்.

அந்தத் தழும்புக்கு ஒரு கதை உண்டு. அந்தக் கதையில்தான் அவர்களுடைய அம்மா இருந்தாள். சின்னவளுக்கு ஐந்து வயதும் பெரியவளுக்கு ஏழு வயதும் ஆகும்போது அம்மா இறந்துபோனாள். அப்பா கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பாதி கடலில் கழியும். அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு அம்மாவைப் பற்றிச் சொன்ன கதைகளில் முக்கியமானது இது: சின்னவளுக்கு அம்மை கண்டபோது பத்து நாள் அம்மா அறையைவிட்டு வெளியே வரவில்லை. பச்சைத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, பழைய செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டே இருந்தாள். கை வலித்தால் மறு கை. பெரியவளை மட்டும் மாமாவிடம் அனுப்பிவிட்டாள்.

சின்னவளுக்கு அது கதையாக மட்டும் இல்லை, நினைவாகவும் இருந்தது. பச்சை வெளிச்சம். அம்மாவின் முகம். அவள் உதடு அசைகிறது, ஆனால் என்ன சொல்கிறாள் என்று கேட்பதில்லை. முப்பத்தாறு வயதிலும் தூக்கம் வராதபோது அந்த அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வாள். பெரியவளுக்கோ அம்மாவின் முகம் புகைப்படத்தில் உள்ள முகம்தான். "உன்னை மடியில வெச்சுக்கிட்டா, என்னை வெளியே தள்ளிட்டா," என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புத்தான், ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லாமல் இருக்கமாட்டாள்.

பொடிசு சின்னவளின் இரண்டாவது மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அத்தான் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், அப்போது வழியில் இருந்தார். கடை முதலாளி ஒரு வாரம் லீவு கொடுத்தார். சின்னவள் பிள்ளையின் விரல் நகங்களை வெட்டினாள். இரவில் சொறியாமலிருக்க மெல்லிய காலுறையைக் கையில் மாட்டிவிட்டாள். வாய்க்குள்ளும் இரண்டு கொப்புளம் வந்ததால் ஆறிய பாலும் குழைந்த சோறும்தான் இறங்கின. லோஷன் தடவி முடித்தால் பிள்ளை சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருப்பாள். கண்ணாடியில் பார்த்து அவளே சிரித்துக்கொள்வாள்.

தினமும் வேலை முடிந்து பெரியவள் தெருவில் வந்து நிற்பாள். மேலே ஜன்னலில் மகள் கையாட்டுவாள். ஒருநாள் பெரியவள் கீழேயிருந்தே போனில் பேசினாள். "அப்பவும் நான்தான் வெளியே. இப்பவும் நான்தான் வெளியே. என் ராசி அப்படி." பிள்ளை தூங்குகிறாள், சாப்பிட்டாள், இன்று புதுக் கொப்புளம் இல்லை என்று மட்டும் சின்னவள் சொன்னாள்.

எட்டாம் நாள் பொருக்கெல்லாம் காய்ந்து, பொடிசு வீட்டுக்குப் போனாள். சின்னவள் கடைக்குப் போனாள். அதற்கு அடுத்த வாரம் ஒரு பிற்பகலில், ஒருவர் கண்ணாடியின் மூக்குப்பட்டையைத் திருகிக்கொண்டிருக்கும்போது, திருகாணி உருகி வழிவதுபோல அவளுக்குத் தெரிந்தது. இரண்டு நாளாகவே தலை கனத்திருந்தது. முதுகை யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பதுபோல ஒரு வலி. நிமிர்ந்து எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். தன் கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. துடைத்தாள். போகவில்லை. அதற்குக் கீழே ஒரு தடிப்பு. காலரை விலக்கினால் இன்னும் மூன்று.

இருக்காது என்று ஒரு நிமிடம் நின்றாள். பிறகு கருவியை மேஜைமேல் வைத்துவிட்டு, வாடிக்கையாளரிடமிருந்து நான்கடி பின்வாங்கி, முதலாளியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். கிளினிக்குக்கு முதலில் போன் செய்தாள். கூட்டத்தில் உட்கார வேண்டாம், பக்கவாட்டுக் கதவு வழியாக வரச் சொன்னார்கள்.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். இரண்டாவது தடவை வருவது அபூர்வம், ஆனால் நடக்காததில்லை என்றார். பிறகு அவள் நெற்றித் தழும்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு அம்மை வந்ததுன்னு யார் சொன்னாங்க?"

அப்பா சொன்னார் என்றாள் சின்னவள். அப்பா பக்கத்தில் இருந்தாரா என்று கேட்டார். இல்லை, கப்பலில் இருந்தார்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்தார். முதல் கொப்புளம் வந்து ஒரு நாள் ஆகவில்லை என்பதால் வைரஸுக்கான மாத்திரை நன்றாகக் கேட்கும், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள், ஒன்றுகூட விடக்கூடாது என்றார். மூச்சு வாங்கினாலோ, இருமல் கூடினாலோ, மயக்கமாக வந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. அப்புறம் ஒரு தாளை நீட்டினார். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒட்டும். அந்த இரண்டு நாளில் யார் யார் முகத்துக்கு அருகே இருந்தீர்கள் என்று எழுதச் சொன்னார்.

சின்னவளுக்குப் பெயர் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. முகங்கள் வந்தன. பதினோரு முகம். ஒன்பதாவது முகம் ஞாபகம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். கண்ணாடியைச் சரிசெய்தபோது வயிறு மேஜையில் இடித்து இருவரும் சிரித்தார்கள். முதலாளி கடை ரசீதுகளைப் பார்த்து அன்றே எல்லோருக்கும் போன் செய்தார். அந்தப் பெண்ணை மட்டும் உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

சின்னவளைப் பார்த்துக்கொள்ளப் பெரியவள் வந்தாள். ஊசி போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்ததால் டாக்டரம்மா சரி என்றார். அவள் நிலையத்தில் லீவு சொல்லிவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ஒரு பையோடு மாடி ஏறினாள்.

அதற்குப் பிறகு நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காய்ச்சல் ஏறும்போது அறை மெல்ல அகலமாகும். சுவர்கள் தள்ளிப் போய் நிற்கும். இறங்கும்போது எல்லாம் கிட்டே வந்து முகத்தை உரசும். நிலையத்து ஒலிபெருக்கி தூரத்தில் கேட்கும். வேறொருத்தி அறிவிக்கிறாள், ஆனால் சின்னவளுக்கு அது அக்காள் குரலாகவே கேட்டது. பக்கத்தில் மாத்திரையை நீட்டுகிற அக்காளும், வெளியே வண்டி தாமதம் என்று சொல்கிற அக்காளும். இத்தனை அக்காள் எதற்கு என்று கேட்டாளாம். பெரியவள் பிற்பாடு சொல்லிச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சின்னவள் அந்தப் பச்சை அறைக்குப் போனாள். எப்போதும்போலப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றுதான் போனாள். திரைச்சீலை காற்றில் அசைந்தது. அம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள், செய்தித்தாளை விசிறிக்கொண்டு. ஆனால் கட்டில் காலியாக இல்லை. அதில் ஏற்கெனவே ஒரு பிள்ளை படுத்திருந்தது, பின்னிய சடை தலையணையில் கிடந்தது. தனக்கு அந்த வயதில் சடை போடும் அளவுக்கு முடி ஏது என்று சின்னவள் யோசித்தாள். கிட்டே போய் முகத்தைப் பார்க்க முயன்றாள். மூக்கில் ஏதோ சில்லென்று தட்டியது. மறுபடி முயன்றாள், மறுபடி தட்டியது. கண்ணாடி. அவளுக்கும் அறைக்கும் நடுவே கண்ணாடி இருந்தது. யாரோ அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை.

விழித்தபோது பெரியவள் ஈரத்துணியால் கழுத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள். சின்னவள் அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நான் உள்ளே இல்ல. ஜன்னலுக்கு வெளியே இருந்தேன்."

காய்ச்சலில் உளறுகிறாள் என்று பெரியவள் அவள் தலையைக் கோதிவிட்டாள். ஆனால் டாக்டரம்மா கேட்ட கேள்வி அவளையும் குடைந்துகொண்டுதான் இருந்தது. மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் மாமாவுக்குப் போன் போட்டாள். அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருபது ஆள் உயரத்திலிருந்து கத்திக் கத்திப் பழகியதால் போனை ஸ்பீக்கரில் போடத் தேவையில்லை. அறை முழுக்கக் கேட்கும்.

அன்றைக்கு அம்மை யாருக்கு என்று பெரியவள் கேட்டாள். மறுமுனையில் அவர் சத்தமே இல்லை. மாமா வாயடைத்துப்போய் இருவரும் அதுவரை கண்டதில்லை.

"உனக்குத்தான்," என்றார் கடைசியில். "பெரியவளுக்குச் சின்னம்மைன்னு உங்கம்மா தந்தி மாதிரி ரெண்டே வார்த்தையில உங்கப்பாவுக்குச் சேதி அனுப்பினா. அது கப்பல் கப்பலா கை மாறிப் போய்ச் சேர்றதுக்குள்ள சின்னவளுக்கு அம்மைன்னு ஆயிடுச்சு. அந்த மனுஷன் அதையே பிடிச்சுக்கிட்டார். உங்கம்மா ரெண்டு மூணு தடவை திருத்தினா, அப்புறம் சிரிச்சுட்டு விட்டுட்டா. ரெண்டும் என் பிள்ளைதானேன்னா."

அப்படியென்றால் இத்தனை வருடம் நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று பெரியவள் கேட்டாள். மாமா தொண்டையைக் கனைத்தார். அந்தப் பத்து நாளில் ஒருநாள் சின்னவளைத் தன் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாராம். வளைவில் விழுந்து, சைக்கிள் மணியில் பிள்ளையின் நெற்றி பட்டுவிட்டது. தன் அக்காளிடம், இவர்களுடைய அம்மாவிடம், உண்மையைச் சொன்னால் தோலை உரித்துவிடுவாள். நல்லவேளையாக அப்பா கப்பலிலிருந்து வந்து அதைத் தொட்டுப் பார்த்து, அம்மைத் தழும்பு என்றார். மாமா வாயைத் திறக்கவில்லை. அம்மா போன பிறகு திறக்க மனசு வரவில்லை.

"தினம் சாயங்காலம் சின்னவளை ஜன்னல்ல தூக்கிக் காட்டுவேன். அழவே அழாது. கண்ணாடியில மூக்கை அழுத்திக்கிட்டு உள்ளேயே பார்க்கும்."

பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அடுத்த கேள்வி அறிவிப்பாளர் குரலில் வரவில்லை, பொடிசின் குரல்போல வந்தது. "பத்து நாளும் அம்மா என் பக்கத்துலயா இருந்தா?"

"பக்கத்துலயா? கட்டிலைவிட்டு இறங்கல."

அவள் போனை வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. கழுவுவதற்கு அங்கே ஒரே ஒரு டம்ளர்தான் இருந்தது என்று சின்னவளுக்குத் தெரியும்.

படுத்தபடியே தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அது சைக்கிள் மணி. சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. முப்பது வருடமாகத் தன்னுடையது என்று படுத்துப் புரண்ட கட்டில். அக்காளின் காதுக்குப் பின்னால், கண்ணாடியின் கொக்கி உட்காரும் இடத்தில், இரண்டு சின்னக் குழி உண்டு. பிரேம் மாற்றும்போதெல்லாம் அவள் அதைப் பார்த்திருக்கிறாள், ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் பொடிசு தெருவில் நின்று மேலே கையாட்டினாள். கீழ்வீட்டுக்காரர் போனை வாங்கி, சின்னம்மாவுக்குச் சின்னம்மை, சின்னம்மாவுக்குச் சின்னம்மை என்று மூச்சு முட்டும்வரை சொன்னாள். முதலாளியும் அன்று கூப்பிட்டார். அந்த ஏழு மாதக்காரிக்கு உடம்பில் எதிர்ப்பு சக்தி இருக்கிறது, சின்ன வயதில் வந்திருக்க வேண்டும், பிள்ளைக்குப் பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். மற்ற பத்து பேரில் இருவர் ஊசி போட்டுக்கொண்டார்கள். சின்னவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். ஐந்து நாளில் அவள் விட்ட முதல் முழு மூச்சு அதுதான்.

பொருக்குகள் காய்ந்து ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. ஒரு மத்தியானம் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துவிட்டு வந்து அவள் படுத்தாள். பெரியவள் தரையில் பாயை விரித்து, கையைத் தலைக்குக் கீழே வைத்து மல்லாந்து கிடந்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் விட்டத்தில் நீர்போல அசைந்துகொண்டிருந்தது.

"அந்த அறை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் பெரியவள், விட்டத்தைப் பார்த்தபடியே.

சின்னவள் சொன்னாள். பச்சைத் திரைச்சீலை. அதன் அடிமடிப்பு ஒரு பக்கம் பிரிந்து தொங்கும். கட்டில் காலுக்கு அடியில் அட்டைத்துண்டு சொருகியிருக்கும். அம்மா செய்தித்தாளை நான்காக மடித்து விசிறுவாள், இரண்டு மணிக்கு வலது கையால் என்றால் மூன்று மணிக்கு இடது கையால். மை கையில் ஒட்டியிருக்கும். இடையிடையே உன் சடையை எடுத்து வியர்வை படாமல் தலையணைக்கு மேலே போடுவாள். சொல்லும்போதே, இதில் எது கண்டது, எது அப்பா சொன்னது, எது தானே சேர்த்தது என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னும் சொல்லு."

உன்னோடு பேசிக்கொண்டே இருப்பாள் என்றாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்டதில்லை, நடுவே கண்ணாடி.

பெரியவள் சின்னவள் பக்கம் திரும்பினாள். பிறகு, "அம்மா மேல என்ன வாசனை வரும்?" என்று கேட்டாள்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருந்தவ நீதானே."

பெரியவள் கண்ணை மூடினாள். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தாள். புருவம் நெரிந்தது, மெல்லத் தளர்ந்தது. சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"கொஞ்சம் பேசாம இரு," என்றாள் பெரியவள்.

சின்னவள் பேசாமல் இருந்தாள்.